ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன், பழவேற்காட்டில் பிசியோ: காயமடைந்த வீரரின் சிகிச்சையை யார் ஒருங்கிணைப்பது?

ராணுவ வீரருக்குக் காயம் என்றதும் நம் மனதில் வருவது எல்லை, துப்பாக்கி, குண்டு. ஆனால், எந்த நாட்டு ராணுவ மருத்துவரைக் கேட்டாலும் அன்றாடம் தன்னிடம் வருபவை என்று அவர் சொல்லும் பட்டியல் வேறு: கிழிந்த முழங்கால் ஜவ்வு, பிசகிய கணுக்கால், முதுகெலும்புத் தட்டு விலகல், இடம் நழுவிய தோள்பட்டை, ஓடி ஓடியே கெண்டைக்கால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல். பயிற்சி மைதானத்திலும் கைப்பந்து விளையாட்டிலும், முதுகில் பாரத்தோடு ஏறும் மலைப்பாதையிலும் வருகிற காயங்கள் இவை. அமெரிக்க ராணுவத்தில் வீரர்கள் பணிக்குத் தகுதியில்லாமல் போவதற்கு முதன்மைக் காரணமே எலும்பு, மூட்டு, தசைக் காயங்கள்தான்.

இவற்றில் பலவற்றை ஆபரேஷன் செய்தோ ஓய்வு கொடுத்தோ சரிசெய்துவிட முடியும். சிக்கல் ஆரம்பிப்பது அதற்குப் பிறகு. மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி ‘சிக் லீவில்’ ஊருக்கு வரும் வீரரை அங்கே யார் பார்த்துக்கொள்வது? அவருடைய பிசியோதெரபியை யார் தொடர்வது? காகிதங்களை யார் சேர்ப்பது?

பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தை மனதில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடுவோம்.

ஒரு முழங்கால், ஒன்பது மாதம்

உதாரணத்துக்கு, வடக்கே எங்கோ பணியாற்றும் ஒரு ஜவான். விளையாட்டில் கால் திரும்பி முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. யூனிட் மருத்துவர் பார்க்கிறார், ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புகிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ஆபரேஷன், சில நாள் பிசியோ. அடுத்து சில வாரங்கள் சிக் லீவு. ஊர் பழவேற்காடு.

ஆபரேஷன் செய்தவருக்கு அது சில மணி நேர வேலை. ஆனால், புதிதாக வைத்த ஜவ்வு காலின் சொந்த ஜவ்வாக மாறப் பல மாதங்கள் ஆகும். முதல் இரண்டு வாரம் வீக்கத்தைக் குறைத்து, காலை முழுதாக நீட்டப் பழக வேண்டும். அடுத்து, சுருங்கிப்போன தொடைத் தசையை மீட்க வேண்டும். மெதுவாக ஓடத் தொடங்கவே மூன்று, நான்கு மாதம் ஆகிவிடும். ஆபரேஷன் ஆன விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்து நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஒன்பதாவது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏற்படும் வீதம் சுமார் பாதியாகக் குறைந்தது என்கிறது அந்த ஆய்வு.

அதாவது, கால் சரியாவது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியேதான். அந்தக் காலத்தின் முக்கியமான வாரங்களில் நம் ஜவான் இருப்பது ஏரிக்கரையில்.

ஊரில் என்ன நடக்கும்?

வீட்டில் சும்மா இருக்க முடியாது. கரையில் படகைத் தள்ள ஆள் குறைகிறது, ஐஸ் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கிறது. “சும்மா ஒரு கை பிடிப்பா” என்று யாராவது கூப்பிட்டால் மறுக்கச் சங்கடம். ஏரியில் எந்தக் குழு எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் பழவேற்காட்டில் உண்டு. குடும்பத்துக்குப் பாடு வரும் நாளில் வீட்டு இளைஞர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது சுலபமல்ல. ஆனால், ஆபரேஷன் ஆன சில வாரங்களில் ஈர மணலில் கால் புதைய நடப்பதும், ஆடும் படகில் தாவி ஏறுவதும் மூட்டுக்கு ஆபத்து.

இன்னொரு பக்கம், “புத்தூருக்குப் போய் ஒரு கட்டு போட்டுக்கிட்டு வந்துடலாமே” என்ற யோசனை வரும். ஆந்திர எல்லையைத் தாண்டினால் புத்தூர். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. தலைமுறை தலைமுறையாக மக்கள் போய்வரும் இடம். ஆனால், பணியில் இருக்கும் வீரர் ராணுவ மருத்துவர் சொல்லாத சிகிச்சையை எடுத்துக்கொண்டால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஆபரேஷன் செய்த மூட்டை இறுக்கிக் கட்டுவது தசையை மேலும் பலவீனமாக்கும். இரண்டு, பிற்பாடு கால் மோசமானால் ‘காரணம் எது?’ என்ற கேள்வி வரும். அப்போது மருத்துவ வாரியம் பார்ப்பது ஸ்கேன், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத்தான்.

பழவேற்காட்டிலிருந்து ராணுவ மருத்துவமனை எவ்வளவு தூரம்?

சென்னைப் பகுதியின் ராணுவ மருத்துவமனை இருப்பது பரங்கிமலையில். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், சாலையைத் தாண்டி பார்க் ஸ்டேஷன், இன்னொரு ரயிலில் பரங்கிமலை. ஊன்றுகோலோடு படியேறி இறங்கிப் போய்வர ஒரு நாள் போய்விடும். வாரத்துக்கு மூன்று முறை பிசியோவுக்கு இப்படி யாரும் போக மாட்டார்கள்.

அப்படியானால், உள்ளூரில் கிடைப்பதை வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டமாகத்தான் பலருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் அதில் ஓர் அங்கம். வட்டார அளவில் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். பழவேற்காடு வருவது மீஞ்சூர் வட்டாரத்தில். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ சொல்லி வைக்கலாம். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொன்னேரி அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம்.

பாதுகாப்பு அமைச்சகம் 2021 மே 27 அன்று தொடங்கிய ‘செஹத் ஓ.பி.டி.’ என்ற இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையும் இருக்கிறது. பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்களின் குடும்பத்தினர் வீட்டிலிருந்தே ராணுவ மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். மணிக்கணக்கில் பயணம் செய்து கேட்க வேண்டிய ஒரு சந்தேகத்தை போனிலேயே தீர்த்துக்கொள்ள உதவும்.

அப்புறம் என்னதான் பிரச்சினை?

இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அதுதான் பிரச்சினை.

ராணுவ மருத்துவமனையில் என்ன ஆபரேஷன் செய்தார்கள், எந்தக் கோணம் வரை காலை மடக்கலாம், எத்தனையாவது வாரத்தில் முழு எடையையும் காலில் இறக்கலாம் என்பது மீஞ்சூர் வட்டார பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியாது. அவர் கொடுத்த பயிற்சியில் கால் எவ்வளவு தேறியது என்பது ராணுவ மருத்துவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே இருப்பவர் நோயாளி. சில நேரம் அவருடைய அம்மாவோ மனைவியோ. ஒருங்கிணைப்பாளர் வேலை அவர்கள் தலையில்தான் விழுகிறது. அப்படி ஒரு வேலை இருப்பதாக யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே ராணுவ மருத்துவமனையின் பிசியோ பிரிவில் ஒரு பக்கக் குறிப்பு கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் பெயர், தேதி, வாரவாரியாக என்ன பயிற்சி, எதைச் செய்யவே கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் - இவ்வளவு இருந்தால் போதும். எந்த ஊர் பிசியோதெரபிஸ்டும் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம்.

‘ஷேப்’ என்றால் என்ன?

சிக் லீவு முடிந்ததும் வீரர் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவருடைய உடல்தகுதி மறுபடி மதிப்பிடப்படும். அதற்கான அளவுகோல்தான் ‘ஷேப்’. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். ‘எஸ்’ மனநலம், ‘எச்’ கேட்கும் திறன், ‘ஏ’ கை கால்கள், ‘பி’ பொதுவான உடல்திறன், ‘ஈ’ பார்வை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் உண்டு.

1 என்றால் எங்கு வேண்டுமானாலும் பணியாற்றலாம். 2, 3 என்றால் சில கட்டுப்பாடுகளோடு பணி. 4 என்பது மருத்துவமனையிலோ சிக் லீவிலோ இருக்கும் தற்காலிக நிலை. 5 என்றால் நிரந்தரத் தகுதியின்மை. மூட்டுக் காயம் பதிவாவது ‘ஏ’ கட்டத்தில். தற்காலிகமாகத் தரம் குறைக்கப்பட்டவரை 24 வாரங்கள் வரையான இடைவெளியில் மறுபடி பரிசோதிப்பார்கள்.

இந்த எண் வெறும் மருத்துவக் குறிப்பல்ல. எங்கே போஸ்டிங், எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போகலாம், பதவி உயர்வு உண்டா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. அதனால்தான் பல இளைஞர்கள் வலியை மறைத்துக்கொண்டு சீக்கிரம் திரும்பப் பார்க்கிறார்கள். “வலி இல்ல சார், நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆறாவது மாதத்தில் ஓடினால், ஜவ்வு மறுபடி கிழியலாம். ஊரில் ஒழுங்காகப் பிசியோ கிடைக்காததன் விலை, கடைசியில் இந்த எண்ணில்தான் தெரியும்.

லீவில் ஊருக்கு வந்தபோது அடிபட்டால்?

இது வேறு கணக்கு. சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைத் தமிழக அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் கைகொடுக்கும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், சிகிச்சை உண்டு. உயிர்தான் முதலில், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

அடுத்த வேலை, யூனிட்டுக்கும் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கும் தகவல் சொல்வது. காயத்தைப் பதிவு செய்ய ‘ஐ.ஏ.எஃப்.ஒய்-2006’ என்ற படிவம் ராணுவத்தில் இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, அப்போது பணியில் இருந்தாரா இல்லையா என்பதெல்லாம் அதில் வரும். லீவில் நடந்த விபத்து தானாகவே ‘பணி சார்ந்த காயம்’ ஆகிவிடாது. ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்தபோது ஸ்கூட்டர் விபத்தில் சிக்கிய வீரர் தொடர்ந்த ஜுஜார் சிங் வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் ஊனமுற்றோர் ஓய்வூதியம் தர மறுத்தது. காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதனால், விடுப்பில் படகு தள்ளப் போய்க் கால் பிசகினால், அதைப் பணியின் காயமாக நிரூபிப்பது மிகக் கடினம்.

காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள். பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். அது ராணுவப் பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டையும் மதிப்பிடுவது மருத்துவ வாரியம்.

இதில் வீரர்களுக்குச் சாதகமான இரண்டு தீர்ப்புகள் பிரபலம். சேர்ந்தபோது மருத்துவக் குறிப்பில் ஒரு குறைபாடு பதிவாகாமல், பின்னால் அந்தக் காரணத்துக்காக அவர் வெளியேற்றப்பட்டால், அது பணியில் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்பை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தரம்வீர் சிங் தீர்ப்பு 1982-ம் ஆண்டு விதிகளை ஒட்டியது. அதற்குப் பின் 2008-லும் 2023-லும் புது விதிகள் வந்திருக்கின்றன. எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து அவருக்குப் பொருந்தும் விதி மாறும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் ராணுவத்துக்குள் மேல்முறையீடு. பிறகு 2007-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால், எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அடிபட்ட அன்னிக்குப் போட்ட ரிப்போர்ட் எங்கே?”

பணியிலிருந்து வெளியே வந்த பிறகு?

ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரருக்கு 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு. அதன் பாலிகிளினிக்கில் பார்த்து, அங்கிருந்து பரிந்துரை வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். அவசரத்தில் பரிந்துரை தேவையில்லை. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் இதில் வர மாட்டார்கள்; அவர்களுக்கு 2021-ல் தொடங்கிய ‘ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப்.’ தனித் திட்டம்.

அக்னிவீரர்கள் நிலை வேறு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டு. பணியில் இருக்கும்வரை ராணுவ மருத்துவமனை உண்டு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாமல் வெளியே வருபவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. பணியால் ஊனம் ஏற்பட்டால் 100, 75, 50 சதவீதம் என்ற படிநிலைகளில் முறையே 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் ஒருமுறை கருணைத் தொகை. முதல் தொகுதியினரின் நான்கு ஆண்டு முடிவது 2026 இறுதியில். நான்காவது ஆண்டில் ஜவ்வு கிழிந்த அக்னிவீரருக்கு அந்த ஒன்பது மாத பிசியோ யார் பொறுப்பு? பழவேற்காட்டின் ஆரம்ப சுகாதார நிலையம்தான் அநேகமாக அவருக்கு மிச்சம்.

இப்படி இடைவெளியில் விழுந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதிகாரிப் பயிற்சியின்போது காயமடைந்து, பயிற்சி முடியும் முன்பே மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட கேடட்டுகள் ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் வராமல் பல ஆண்டுகள் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாத இறுதியில், அவர்களையும் ஈ.சி.எச்.எஸ்.ஸில் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்தது. கேட்டால் கதவு திறக்கும் என்பதற்கு இது அண்மைய சாட்சி.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரிட்டனில் மூன்று அடுக்கு. முகாமிலேயே பிசியோ, அதில் தேறாவிட்டால் மண்டல மறுவாழ்வு மையம், கடினமான காயம் என்றால் தேசிய மையம். சர்ரேயின் ஹெட்லி கோர்ட்டில் இருந்த அந்த மையம் 2018-ல் நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்டான்ஃபோர்டு ஹாலுக்கு மாறியது.

அமெரிக்காவுக்கு இந்தப் பாடம் அவமானத்தோடு வந்தது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வெளிநோயாளியாகக் காத்திருந்த வீரர்கள் பாழடைந்த அறைகளிலும் படிவக் குவியலிலும் சிக்கித் தவித்ததை, 2007 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆபரேஷன்கள் உலகத் தரம். அதற்குப் பிந்தைய மாதங்களைத்தான் யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டே தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டு, குணமாகும் ஒவ்வொரு வீரருக்கும் மூன்று பேர் பொறுப்பாக்கப்பட்டார்கள்: ஒரு மருத்துவர், சந்திப்புகளையும் காகிதங்களையும் ஒருங்கிணைக்கும் ஒரு நர்ஸ், அன்றாடம் கூடவே இருக்கும் ஒரு படைப்பிரிவுத் தலைவர்.

நம்மிடமும் திறமைக்குக் குறைவில்லை. புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இயங்குகிறது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் நீச்சலை மறுவாழ்வாக எடுத்துக்கொண்டு, 1972 ஹைடெல்பெர்க் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார். பெரிய காயத்துக்குப் பெரிய மையம் இருக்கிறது. முழங்காலோடு குப்பத்துக்குத் திரும்பும் இளைஞருக்குத்தான் அந்த நர்ஸ் இல்லை.

உடனடியாகச் செய்யக்கூடியவை

வீட்டில் யாராவது இப்படி வந்திருந்தால்:

• டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பிசியோ குறிப்பு மூன்றையும் போனில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

• காயம் பதிவான படிவத்தின் நகலை யூனிட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஆண்டுகள் கழித்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

• வந்த முதல் வாரத்திலேயே உள்ளூர் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிசியோ வருகைக்கும் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

• வெளியூர் சிகிச்சை, நாட்டுக்கட்டு எதுவானாலும் ராணுவ மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

• பணியிலிருந்து வெளியே வந்தவர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிப்பதல்ல. சிக் லீவில் ஒரு வீரரை அனுப்பும்போது, அவர் ஊரின் வட்டார மருத்துவ அலுவலருக்கு ராணுவ மருத்துவமனை ஒரு கடிதம் அனுப்பலாம். வீடு தேடி பிசியோ தரும் ஆட்கள் மாநிலத்திடம் இருக்கிறார்கள், என்ன பயிற்சி வேண்டும் என்ற அறிவு ராணுவத்திடம் இருக்கிறது. நடுவில் குறைவது ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும். அது வரும்வரை, அந்த வேலையை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். படகு தள்ளக் கூப்பிடுபவர்களிடம் “இன்னும் நாலு மாசம் ஆகட்டும்” என்று சொல்வதும் அந்த வேலையில் அடக்கம்.